இருபத்தேழு கப்பல் ஆஷ்ட்ரே

டக், டக், டக். அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். அப்புறம் கேட் கொண்டி. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு சார், வர்றது நீங்கதான்னு. முகத்தைப் பார்க்கலை, ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. ஆனா கட்டைக் குதி வெச்ச ஷூ, காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிற நடை. கப்பல் தளத்தில் வருஷக்கணக்கா நடந்த காலுக்குத்தான் அந்தச் சத்தம் வரும். உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க.

முப்பது வருஷமா எனக்கு ராத்திரி வேலை. துறைமுகம் போற ரோட்டில் எடைமேடை இருக்கில்லையா, அங்கே. லாரி வெறுமனே வரும், காலி எடை போடுவேன். சரக்கு ஏத்திட்டு வரும், திரும்பவும் போடுவேன். பகலில் தூக்கம். பகலில் தூங்குறவனுக்குக் காது ரொம்பக் கூர்மையாயிடும் சார். தெருவில் யார் போறாங்க, தண்ணி லாரியா மணல் லாரியா, பக்கத்து வீட்டம்மா என்ன தாளிக்கிறாங்க, எல்லாம் கண்ணை மூடினபடியே சொல்லிடுவேன். காது ஏமாறாது. கண்ணுதான் ஏமாத்தும்.

பழம்பொருள் சேர்க்கிறவங்க சங்கத்துத் தலைவர் சொல்லியிருந்தார், கப்பல் சாமான் கண்காட்சிக்கு முன்னாடி ஒரு பழைய கப்பல்காரரை அனுப்பிப் பார்க்கச் சொல்றேன், இந்த வாரம் சாயங்காலம் வருவார்னு. இல்லை இல்லை, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல்ல பாருங்க, அப்புறம் பேசலாம். வர்றவங்க எல்லாரும் முதல்லயே பேசிட்டு அப்புறம்தான் பார்க்கிறாங்க. அதனாலதான் யாருக்கும் எதுவும் தெரியறதில்லை.

இந்த அலமாரி முழுக்கக் கப்பல் ஆஷ்ட்ரே. மொத்தம் நாற்பத்தொண்ணு. கீழ்த்தட்டில் இருக்கிறது மத்த சாமான்கள். கேபின் சாவி வில்லை, கப்பல் பேர் போட்ட டீ ஸ்பூன், ஒரு போர்க்கப்பல் மாலுமியோட தொப்பி நாடா. நான் சிகரெட் பிடிக்கிறதில்லை சார். எல்லாரும் அதைத்தான் முதல்ல கேட்பாங்க. புலி வேட்டைக்குப் போனவன்தான் புலித்தோல் வெச்சிருக்கணுமா?

இதைப் பிடிங்க. கையில் வாங்கிப் பாருங்க. வெள்ளைப் பீங்கான், நடுவில் நங்கூரம். என்ன கனம் பார்த்தீங்களா? கப்பல் ஆஷ்ட்ரேன்னா கனமாத்தான் இருக்கணும். அலை அடிக்கும்போது மேசையில் நகரக் கூடாது, கவிழக் கூடாது. விளிம்பு உயரமா இருக்கும். அடி அகலமா இருக்கும். சிலதில் அடியில் தோல் பை வெச்சு, உள்ளே ஈயக் குண்டு போட்டிருப்பாங்க. பழைய போர்க்கப்பலை உடைக்கும்போது அதோட பித்தளையை உருக்கி ஆஷ்ட்ரே செஞ்சு அதிகாரிகளுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அவ்வளவு பெரிய கப்பல், பீரங்கி எல்லாம் வெச்ச கப்பல், கடைசியில் உள்ளங்கையில் உட்கார்ந்து சாம்பல் வாங்குது. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கலை. ராத்திரி லாரி வராத நேரத்தில் பழைய புத்தகங்களை வெச்சு நானே படிச்சது. படிச்சது எட்டாம் வகுப்பு. ஆனா எந்தக் கொடி எந்த நாடுன்னு கேளுங்க, சொல்றேன்.

நிறம் மட்டும் கேட்காதீங்க.

அது ஒரு கதை. பத்தொன்பது வயசில் கப்பல் வேலைக்கு எல்லாம் தயார். உடம்பைப் பரிசோதிக்கிற டாக்டர் ஒரு புத்தகத்தை விரிச்சு, புள்ளிகளுக்குள்ளே என்ன எண் தெரியுதுன்னு கேட்டார். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சது. பச்சைக்கும் சிவப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாம். கப்பலில் வலது பக்கம் பச்சை விளக்கு, இடது பக்கம் சிவப்பு விளக்கு. அது தெரியாதவன் கடலுக்குப் போகக் கூடாதாம். சரிதான். எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னைக் கரையிலே நிறுத்திட்டார். அன்னையிலிருந்து கப்பலுக்குப் போற சரக்கை எல்லாம் நிறுத்துக்கிட்டிருக்கேன். ஒரு கப்பலில்கூட ஏறினதில்லை.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்களேன்."

அது என் வீட்டுக்காரி, கித்தேரி. இறால் உரிச்சுக்கிட்டிருக்கா. வரேன், வரேன்! ஆள் வந்திருக்கும்போதுதான் இவளுக்கு உள்ளே வேலை இருக்கும்.

இந்தப் பதினாலும் நான் சேர்த்தது. பழைய சாமான் கடை, சரக்கு ஏத்துற ஆட்கள், அப்படி. மீதி இருபத்தேழும் கஸ்பார் கொண்டுவந்தது. கஸ்பார் என் மைத்துனன், கித்தேரியோட தம்பி. கப்பல் சமையல்காரன். இருபது வருஷமாக் கடலில் இருக்கான். முதல் தடவை அவனை ரயிலேத்திவிட்டதே நான்தான். "மாப்ள, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ ஏறுற கப்பல் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆஷ்ட்ரே மட்டும் கேட்டு வாங்கிட்டு வா"ன்னு சொன்னேன். பதினோரு மாசம் கழிச்சு வந்தான். எலும்பும் தோலுமா, கண்ணெல்லாம் குழி விழுந்து. கையில் இது. நீலக் கண்ணாடி, 'ஹெல்கா மார்'னு கப்பல் பேர் உள்ளேயே வார்த்திருக்கு பாருங்க. இதுவும் நல்ல கனம்.

அதுக்கப்புறம் அவன் கொண்டுவந்தது எல்லாம் பித்தளை. கொஞ்சம் லேசா இருக்கும். ஏன் லேசு தெரியுமா? எண்ணெய் விலை சார். கப்பல் கம்பெனிக்காரன் இப்போ ஒவ்வொரு கிராமும் பார்க்கிறான். அடுத்தடுத்த கப்பலில் அவனுக்கு உடம்பும் தேறிடுச்சு. கடல் காத்து. லீவில் வரும்போது கன்னம் எல்லாம் உப்பி, ஆள் வெளுத்து வருவான். பிள்ளைங்களுக்குப் பம்பாய் அல்வா கொண்டுவருவான். சிங்கப்பூரில் கிடைக்குமாம். அங்கே கிடைக்காதது எது? போன் பண்ணும்போது சில சமயம் பின்னாடி ரயில் போற சத்தம் கேட்கும். கித்தேரிகூட ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தா. துறைமுகத்துக்குள்ளே ரயில் வரும் சார், தண்டவாளம் கப்பல் பக்கம் வரைக்கும் கிடக்கும். எடைமேடைக்காரனுக்கா அது தெரியாது?

"ஏங்க, உங்களைத்தான். ஒரு நிமிஷம்."

இரும்மா. சார் ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டிருக்கார்.

இப்போ இந்தப் பித்தளையைப் பாருங்க. பேரைப் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கா? பேர் முடியற இடத்தில் மூணு இதழில் ஒரு சின்னப் பூ இருக்கு. இந்தக் கப்பல் பனாமா. இதோ, அதே பூ. இது கிரேக்கம். அதே பூ. இது லைபீரியா. இருபத்தாறிலும் அந்தப் பூ இருக்கு சார். நாடு வேற, கொடி வேற, கம்பெனி வேற, பூ மட்டும் ஒண்ணு. கடல்காரங்க எல்லாம் ஒரே சாதின்னு இதை வெச்சே ஒரு கட்டுரை எழுதலாம்.

இதைக் கேளுங்க. ரெண்டு மாசம் முன்னாடி மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடைக்குப் போனேன். கஸ்பார் மக ரினால்டாவுக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருக்கு. அத்தை வீட்டுச் சீர் நாங்க வைக்கணும். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் எடுத்துப் பேர் வெட்டக் கொடுத்தேன். கடை வாசலில் சண்முகக்கனின்னு ஒருத்தர் மெஷினை வெச்சுக்கிட்டு வெட்டுறார். 'அன்பளிப்பு: தஸ்நேவிஸ் – கித்தேரி'ன்னு முடிச்சு, கடைசியில் கிர்ர்ருன்னு ஒரு சுத்து. மூணு இதழ்ப் பூ! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "அண்ணாச்சி, நீங்க கப்பலில் இருந்தியளா?"ன்னு கேட்டேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "எனக்குத் தோணியில ஏறுனாலே வாந்தி வரும்"னார். எங்கேயோ பார்த்துப் பழகியிருக்கார். பனாமாவில் இருக்கிற பூ நம்ம மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கு பாருங்க.

ஏன் சார் சிரிக்கிறீங்க? இருமலா? தண்ணி குடிங்க.

கண்காட்சி விஷயத்துக்கு வரேன். கண்ணாடிப் பெட்டி ஒண்ணு தனியா எனக்குன்னு சொல்லியிருக்கார் தலைவர். மேலே 'சேகரித்தவர்: தஸ்நேவிஸ், எடைமேடை இயக்குநர்'னு பலகை. முப்பது வருஷம் சார். இந்த ஊரில் என் பேர் எழுதின இடம் ரெண்டுதான். ஒண்ணு எடைச் சீட்டு, அதிலும் கையெழுத்து மட்டும், யாருக்கும் விளங்காது. இன்னொண்ணு ரேஷன் கார்டு. மூணாவதா ஒரு இடத்தில் வரணும்னு நினைக்கிறது பேராசையா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், அப்புறம் சொல்லுங்க.

இதைக் கெடுக்கப் பார்த்தது யாருன்னு நினைக்கிறீங்க? கஸ்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தான். நான் தூங்கி எழுந்து, சந்தோஷமா, "மாப்ள, நம்ம ஆஷ்ட்ரே எல்லாம் கண்காட்சிக்குப் போவுதுல"ன்னு சொன்னேன். சோத்தில் வெச்ச கையை எடுத்துட்டான்.

"வேண்டாம் அத்தான்."

"என்னல வேண்டாம்?"

"வீட்ல இருக்கட்டும் அத்தான். நீங்க பாத்தாப் போதாதா? ஊரு பாக்கணுமா?"

"ஊரு பாக்கத்தானல கண்காட்சி! மணப்பாட்டுல இருந்து பழைய கப்பல்காரங்க எல்லாம் வாராங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாங்க."

மணப்பாடுன்னு சொன்னதும் தட்டையே தள்ளி வெச்சுட்டான். ரினால்டாவை எடுக்கப் போறது மணப்பாட்டு வீடு. அப்பா, தாத்தா, மாமன் எல்லாரும் கப்பல்காரங்க. 'கப்பல்காரன் வீட்டுப் பொண்ணுதான் வேணும், நாங்க மாசக்கணக்கா வெளியே இருந்தா அந்தப் பிள்ளைக்குத் தாங்கத் தெரியணும்'னு சொல்லித் தேடி வந்தவங்க. அவங்க பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நான் போகலை. ராத்திரி வேலை முடிச்சு வந்து படுத்தவன், எழுந்து பார்த்தா மணி மூணு, அவங்க சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க. இன்னும் அந்த வீட்டு ஆட்கள் ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. கித்தேரி ஒரு வாரம் என்னைத் திட்டினா.

கஸ்பார் சொன்னான், "அத்தான், அந்த இருபத்தாறையும் எங்கிட்டத் திருப்பித் தந்துருங்க. காலைப் பிடிச்சுக் கேக்கேன்"னு. நிஜமாவே குனிஞ்சான் சார், எச்சில் கையோட. எனக்கு வந்ததே கோபம். "புரிஞ்சு போச்சுல! பலகையில உம் பேரு வரணும், அதான? கப்பல்ல முட்டை பொரிக்கிறவனுக்குச் சரித்திரம் என்னல தெரியும்? கொண்டுவந்தவன் நீ, காப்பாத்துனவன் நாம்லா"ன்னு கத்திட்டேன். பொறாமை சார். வேறென்ன? எழுந்து கை கழுவாமப் போயிட்டான். கித்தேரி அன்னையிலிருந்து எங்கிட்டப் பேசலை. இன்னைக்குத்தான், அதுவும் நீங்க வந்த பிறகுதான், இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு…

வா, வா. காப்பியா? சாருக்குக் கொடு. என்ன, இறால் வெச்ச சுளகையும் இடுப்பில் இடுக்கிக்கிட்டு வந்திருக்கே? ஆள் இருக்கிற இடத்திலா இறால் உரிக்கிறது?

என்ன சொல்றே?

"இவுக மணப்பாட்டு செலஸ்டின் அண்ணன். ரினால்டா மாப்பிள்ளைக்குத் தாய்மாமா. முப்பது வருஷம் கப்பல்ல போசனா, தளத்து ஆளுகளுக்கு மேஸ்திரியா இருந்தவுக. அடுப்படியில இருந்து பாத்ததுமே உங்களைக் கூப்பிட்டேன். அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க. இவுக உங்களை வேற ஆளுன்னு நினைச்சுப் பேசிட்டாவ."

ஓ.

கண்காட்சி ஆள் இல்லையா நீங்க.

அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஆமா, நான்தான் சொல்ல விடலை. சம்பந்தம் பேசின வீட்டில் நாலு இடத்தில் விசாரிக்கிறது வழக்கம்தான், தப்பில்லை. பொண்ணோட அத்தை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. நான் என்னடான்னா… காப்பி ஆறுது அண்ணன், குடிங்க. சீனி போதுமா?

கேளுங்க அண்ணன். கேட்க வந்ததைக் கேளுங்க. 'கஸ்பார் இருபது வருஷமும் கப்பலில்தான் இருந்தாரா?'

இருங்க. உட்கார்ந்துக்கிறேன். ஆடுற நாற்காலியா இருந்தாப் பரவாயில்லை.

அண்ணன், ஒண்ணு சொல்றேன். இதைக் கேட்டுட்டு என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோங்க. அந்த இருபத்தாறு பித்தளையையும் கஸ்பார் கொண்டுவரலை. நான் செஞ்சது. ஆமா, நானேதான். கடையில் சும்மா பித்தளைக் கிண்ணம் வாங்கி, புத்தகத்தில் கப்பல் பேரைத் தேடி எடுத்து, சண்முகக்கனிகிட்டக் கொடுத்து வெட்டினேன். பூவும் அவர் பூதான். இவ்வளவு நேரம் உங்ககிட்ட அளந்தது எல்லாம் பொய். கண்காட்சி ஆள்னு நினைச்சேன். கண்ணாடிப் பெட்டியில் பேர் வரணும்னு ஆசை. பதினாலை வெச்சா யார் பெட்டி கொடுப்பா?

கஸ்பார் ஏன் வேண்டாம்னு காலைப் பிடிச்சான்? இப்போ புரியுதா? ஊருக்கு முன்னாடி அத்தான் மாட்டிக்குவாரேன்னு. கப்பலில் இருக்கிறவனுக்குப் பார்த்ததும் தெரிஞ்சிருக்கும்லா, இது கப்பல் சாமான் இல்லைன்னு. என் பொய்யை அவன் பேரில் நான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்னு தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கலை அவன். அதான் திருப்பித் தாங்கன்னு கேட்டான். அவனைத்தான் நான் முட்டை பொரிக்கிறவன்னு ஏசினேன்.

ரயில் சத்தமா? அது இந்தப் பக்கத்துச் சத்தமா இருக்கும். போனில் எந்தப் பக்கத்துச் சத்தம்னு யார் கண்டா? என் காதை நம்பாதீங்க அண்ணன். இன்னைக்கு நீங்க வரும்போதே பார்த்தீங்களே, யாரை யார்னு நினைச்சேன்னு. பம்பாய் அல்வா… அல்வா சிங்கப்பூரில் கிடைக்கும்.

கித்தேரி, நீ ஏன் அப்படிப் பார்க்கிறே? சொல்லு, அண்ணன் உன்னைத்தான் பார்க்கிறார்.

"ஆமாண்ணே. இவுகதான் வெட்டுனாவ. ஒவ்வொரு தடவையும் கடைக்கு நானும் கூடப் போயிருக்கேன்."

கேட்டுக்கோங்க. பொய் சொல்லத் தெரியாதவ. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.

கஸ்பார் கொண்டுவந்தது இந்த நீலக் கண்ணாடி ஒண்ணுதான். ஹெல்கா மார். இதைக் கையில் வாங்கிப் பாருங்க, நீங்க போசனா இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா? நிஜமா இல்லையா? இதுக்கு மேல அவன்கிட்ட நான் கேட்கலை, அவன் கொடுக்கலை. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபது வருஷம் பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு, எங்கேயோ ஒரு அடுப்புக்கு முன்னாடி அவன் நின்னிருக்கான். நூறு பேருக்குச் சமைச்சிருக்கான். தன் மகளுக்குக் காய்ச்சல்னா போனில்தான் கேட்பான். ரினால்டா அப்பா இல்லாமலேயே வளர்ந்த பிள்ளை. உங்க வீட்டுப் பையன் மாசக்கணக்கா வெளியே இருந்தா அவளுக்குப் புதுசா இருக்காது. அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை, அண்ணன். அதை நான் எடைமேடையில் வேணும்னாலும் ஏத்திக் காட்டுறேன்.

தலைவர் அனுப்புற ஆள் நாளைக்கோ மறுநாளோ வருவார். அவர்கிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன். வெட்டினது நான், பெட்டி வேண்டாம்னு. ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நான் பகல் பூராத் தூங்குறவன், எனக்குக் கேட்காது. கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம்னு உங்க வீட்டில் நினைச்சா, அதுவும் சரிதான். பின்னாடி, பந்திக்குப் பக்கத்தில் நின்னுக்கிறேன்.

எழுந்துட்டீங்களா? காப்பி முழுசும் குடிக்கலையே.

என்ன சொன்னீங்க?

'கடல் எல்லாருக்கும் ஒத்துக்கிடாது.'

ஆமா அண்ணன். பத்தொன்பது வயசில் எனக்கு ஒத்துக்கலை, அந்த டாக்டர் எழுதியே கொடுத்துட்டார். என்னைத்தானே சொல்றீங்க? வேற யாரைச் சொல்லப் போறீங்க. என்ன, தோளில் கை வைக்கிறீங்க. நான் ஒண்ணும் வருத்தப்படலை. அந்த நீலக் கண்ணாடியை நீங்களே பத்திரமா அலமாரியில் வெச்சுட்டீங்க, நல்லது.

வர்ற ஞாயிறு கோயிலில் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கச் சொல்லிட்டீங்களா? மூணு ஞாயிறும் வாசிக்கணும்லா, தடை ஏதும் இருந்தா யாராவது சொல்லட்டும்னு. யார் சொல்லப் போறா? கேட்டுக்கிட்டியா கித்தேரி, முதல் ஓலையாம். நான் வந்துடுறேன் அண்ணன். தூங்காம நேரா வேலையிலிருந்தே வந்துடுறேன்.

பார்த்துப் போங்க. வாசலில் ஒரு படி உயரம் கம்மி.

போயிட்டார்.

பார்த்தியா? முப்பது வருஷம் போசனா இருந்தவர், ஒரு சந்தேகம் வரலை. அப்படியே நம்பிட்டார். நான்கூடப் பயந்துட்டேன், ரயில் சத்தத்தில் மாட்டிக்குவேனோன்னு. உன் தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு, ஓலை வாசிக்கிறாங்கன்னு. நான் சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லு, கை கழுவிட்டுப் போகலாம்னு நான் சொன்னேன்னு சொல்லு.

ஏன் அழறே? எனக்கு எல்லாம் தெரியுமான்னா? எது எல்லாம்? எனக்கு என்ன தெரியும்? பச்சையும் சிவப்புமே தெரியாது எனக்கு.

அழுத கையோட இறாலைத் தொடாதே. சுளகை இங்கே தள்ளு. பாதிகூட ஆகலையே. வேலைக்குப் போக இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. தலையை நீ கிள்ளிப் போடு, தோலை நான் உரிக்கிறேன்.